பர்தோலி வரிமறுப்புப் போராட்டம் (1928)

பர்தோலி வரிமறுப்புப் போராட்டம் என்பது 1928 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, அன்றைய பம்பாய் மாகாணத்தின் சூரத் மாவட்டத்தைச் சேர்ந்த பர்தோலி வட்டத்தில் உழவர்கள் நடத்திய அறப்போராட்டமாகும். உயர்த்தப்பட்ட நிலவரியைச் செலுத்த மறுத்த உழவர்களுக்கு வல்லபாய் படேல் தலைமை தாங்கினார். 137 ஊர்களைக் கொண்ட ஒரே ஒரு வட்டத்தில் நடந்த இப்போராட்டம், இந்திய விடுதலை இயக்க வரலாற்றில் பெரிய இடத்தைப் பெற்றது. வரி என்பது அரசு தன் விருப்பப்படி விதிப்பதா, செலுத்துகிறவர் கணக்குக் கேட்டுச் செலுத்துவதா என்ற கேள்வியை அது நேரடியாக எழுப்பியது. வரி கட்ட மறுத்தவர்கள் மீது வீசப்பட்ட அவதூறுகளும், அவற்றை அவர்கள் எதிர்கொண்ட முறையும் இவ்வரலாற்றின் இன்னொரு பகுதியாகும்.

நிலவரி: வரியா, குத்தகையா?

பர்தோலியில் நடைமுறையில் இருந்தது ரயத்துவாரி முறை. இடையில் ஜமீன்தார் இல்லாமல், ஒவ்வோர் உழவரிடமிருந்தும் அரசே நேரடியாக நிலவரி வாங்கும் முறை இது. இதன் தொடக்கம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. திப்பு சுல்தானுடன் 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாராமகால் பகுதி (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இம்முறைக்கு வடிவம் கொடுத்தனர். பின்னர் அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும், மாற்றங்களுடன் பம்பாய் மாகாணத்துக்கும் பரவியது.

பம்பாய் மாகாணத்தில் நிலவரி பொதுவாக 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யப்பட்டது. நிலத்தின் வளம், விளைபொருள் விலை, சாலை மற்றும் ரயில் வசதி, குத்தகைத் தொகை முதலியவற்றைக் கணக்கிட்டு அதிகாரிகள் புதிய விகிதத்தைப் பரிந்துரைப்பார்கள். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. நிலவரியை ஒரு வரியாக அன்றி, நிலத்தின் மேல் தனக்குள்ள உரிமைக்காகப் பெறும் பங்காகவே அரசு பெரிதும் கருதியது. ஆகவே அதைச் சட்டமன்றத்தின் ஒப்புதலுக்கு விட வேண்டியதில்லை என்பது அதன் நிலை. மறுமதிப்பீட்டை எதிர்த்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகவும் 1876-ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது.

வேறு சொற்களில் சொன்னால், விகிதத்தை முடிவு செய்பவரும், முறையீட்டைக் கேட்பவரும், வசூலிப்பவரும் ஒருவரே. 1919-ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த இங்கிலாந்து நாடாளுமன்றக் கூட்டுக்குழு, நிலவரி மதிப்பீட்டு முறையைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தது. பம்பாய் சட்டமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆனால் அப்படி ஒரு சட்டம் வருவதற்கு முன்பே பர்தோலியில் மறுமதிப்பீடு தொடங்கிவிட்டது.

மறுமதிப்பீடும் அதன் குறைகளும்

மறுமதிப்பீட்டுப் பணியைச் செய்தவர் ஜெயகர் என்ற வருவாய்த் துறை அதிகாரி. வரியை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்த்தலாம் என்று அவர் பரிந்துரைத்தார். தபதி பள்ளத்தாக்கு ரயில் பாதை வந்துவிட்டது, மக்கள்தொகை கூடியிருக்கிறது, மாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன, விளைபொருள் விலை ஏறியிருக்கிறது என்பவை அவர் காட்டிய காரணங்கள்.

அவருக்கு மேலதிகாரியான ஆண்டர்சன் இந்தக் காரணங்களை ஏற்கவில்லை. குத்தகைத் தொகைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு, 29 விழுக்காடு உயர்த்தலாம் என்றார். ஒருவர் கணக்கை இன்னொருவர் தள்ளிவிட்டார். ஆனால் இருவரும் ஏறக்குறைய ஒரே தொகைக்கு வந்து சேர்ந்தனர். எதிர்ப்புகளுக்குப் பிறகு 1927 ஜூலையில் அரசு அதை 22 விழுக்காடாகக் குறைத்து அறிவித்தது.

உழவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட மறுப்புகள் தெளிவானவை. பர்தோலியின் முக்கியப் பணப்பயிர் பருத்தி. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பருத்தி விலை வழக்கத்துக்கு மாறாக ஏறி, பிறகு இறங்கியது. ஏறிய ஆண்டுகளின் விலையை வைத்து 30 ஆண்டுகளுக்கான வரியை எப்படி விதிக்கலாம் என்று அவர்கள் கேட்டனர். குத்தகைக் கணக்கிலும் பிழை இருந்தது. கடனுக்காக நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தைத் தானே குத்தகைக்கு எடுத்து உழுபவர் கொடுப்பது உண்மையில் வட்டி. அதையும் குத்தகையாகச் சேர்த்தால் நிலத்தின் வருவாய் பெருத்துத் தெரியும். நரஹரி பாரிக் 'நவஜீவன்' இதழில் எழுதிய கட்டுரைகள் இத்தகைய குறைகளை எடுத்துக் காட்டின.

முன்நிகழ்வுகள்

வரிமறுப்பு குஜராத் உழவர்களுக்குப் புதியதன்று. 1918-இல் கேடா மாவட்டத்தில் விளைச்சல் பொய்த்தபோது, வரித் தள்ளுபடி கேட்டு காந்தியடிகள் தலைமையில் போராட்டம் நடந்தது. 1923-24-இல் போர்சத் வட்டத்தில் விதிக்கப்பட்ட தண்ட வரியை எதிர்த்து வல்லபாய் படேல் நடத்திய போராட்டமும் வெற்றி பெற்றது.

பர்தோலிக்கும் ஒரு பழைய ஏமாற்றம் இருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின்போது, வரிமறுப்பைத் தொடங்கக் காந்தியடிகள் தேர்ந்தெடுத்த வட்டம் பர்தோலிதான். 1922 பிப்ரவரி 4-ஆம் நாள் சௌரி சௌராவில் கூட்டத்தினர் காவல் நிலையத்துக்குத் தீ வைத்துக் காவலர்களைக் கொன்ற செய்தி வந்ததும், பர்தோலியில் கூடிய காங்கிரஸ் செயற்குழு போராட்டத்தை நிறுத்தியது. அதே காலத்தில் சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில் பெதநந்திபாடு பகுதி உழவர்கள் நடத்திய வரிமறுப்பும் இதனால் முடிவுக்கு வந்தது. பர்தோலியில் அதன்பின் வந்த ஆறு ஆண்டுகளும் வீணாகவில்லை. காந்தியத் தொண்டர்கள் ஆசிரமங்கள் அமைத்து, கதர், பள்ளி, மதுவிலக்கு ஆகிய பணிகளில் ஈடுபட்டனர். 1928-இல் ஊர்களை ஒன்றிணைக்க இந்த அடித்தளமே உதவியது.

பிப்ரவரி 12 தீர்மானம்

1928 தொடக்கத்தில் பர்தோலித் தலைவர்கள் வல்லபாய் படேலை அணுகினர். அவர் அப்போது அகமதாபாத் நகராட்சித் தலைவர். 1927-இல் குஜராத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் நிவாரணப் பணி செய்து பெயர் பெற்றிருந்தார். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நிலம் போகலாம், ஆடுமாடு ஏலத்தில் போகலாம், சிறை செல்ல நேரலாம் என்று எச்சரித்து, மக்களுக்குச் சிந்திக்க நாள் கொடுத்தார். ஆளுநர் லெஸ்லி வில்சனுக்குக் கடிதமும் எழுதினார். நிறைவான பதில் வராததால், பிப்ரவரி 12-ஆம் நாள் கூடிய உழவர் மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. கீதை, குர்ஆன் ஆகியவற்றிலிருந்து படித்தும் கபீரின் பாடல்களைப் பாடியும் கூட்டம் முடிவுற்றது.

அத்தீர்மானத்தின் உள்ளடக்கம் கவனிக்கத்தக்கது. வரியே கட்ட மாட்டோம் என்று அது சொல்லவில்லை. பழைய விகிதத்தை முழுத் தொகையாக அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும்; அல்லது நடுநிலையான ஒரு குழுவை அமைத்து உயர்வு நியாயமா என விசாரிக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கும்வரை வரி செலுத்துவதில்லை என்பதே முடிவு. தன் கணக்கைப் பிறர் சரிபார்க்க அரசு சம்மதிக்குமா என்பதே போராட்டத்தின் மையமாக அமைந்தது.

அமைப்பு

வட்டம் முழுவதும் 13 முகாம்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,500 தொண்டர்கள் பணியாற்றினர். அவர்களில் பலர் மாணவர்கள். குன்வர்ஜி மேத்தா, கல்யாண்ஜி மேத்தா, ரவிசங்கர் மகராஜ், தர்பார் கோபால்தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, இமாம் சாகேப் பவசீர் முதலியோர் முன்னின்றனர். மிட்டுபென் பெட்டிட், பக்திபா, மணிபென் படேல் ஆகியோர் ஊர் ஊராகச் சென்று பெண்களைத் திரட்டினர். வல்லபாயைச் 'சர்தார்' என்று அழைக்கும் வழக்கம் பர்தோலிப் பெண்களிடமிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது.

ஜுகத்ராம் தவே பொறுப்பில் 'சத்தியாகிரகப் பத்திரிகை' என்ற செய்தித்தாள் நாள்தோறும் வெளியிடப்பட்டது. எந்த ஊரில் ஜப்தி நடந்தது, யாருக்கு நோட்டீஸ் வந்தது, படேல் எங்கே என்ன பேசினார் என்பவை அதில் இடம்பெற்றன. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவதும் தொண்டர்களின் வேலையாக இருந்தது.

ஜப்தியும் பூட்டிய வீடுகளும்

அரசு முதலில் நோட்டீஸ் கொடுத்தது. பிறகு அசையும் பொருள்களை ஜப்தி செய்யத் தொடங்கியது. எருமைகளும் பாத்திரங்களும் கட்டில்களும் எடுத்துச் செல்லப்பட்டன. இவ்வேலைக்குப் பட்டாணியர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய நடத்தை மீது பல புகார்கள் எழுந்தன.

ஜப்தி அதிகாரிகள் வருவதைத் தொண்டர்கள் முரசு அடித்து அறிவிப்பார்கள். உடனே வீடுகள் பூட்டப்படும், தெரு வெறிச்சோடிவிடும். உழவர்களும் அவர்களுடைய கால்நடைகளும் பகல் முழுவதும் மூடிய வீட்டுக்குள் ஒன்றாக அடைந்து கிடந்தனர். காற்றும் வெளிச்சமும் இன்றிக் கால்நடைகள் நோயுற்றன. ஏலம் எடுக்க உள்ளூரில் யாரும் முன்வராததால், வெளியூரிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டனர். பின்னர் நிலப் பறிமுதல் நோட்டீஸ்கள் வந்தன. சில நிலங்கள் மிகக் குறைந்த விலைக்கு வெளியாருக்கு விற்கப்பட்டன.

ஊர்த் தலைவர்களில் பலரும், தலாட்டிகள் எனப்படும் கணக்கர்கள் (தமிழ்நாட்டுக் கர்ணம் போன்றவர்கள்) சிலரும் தம் வேலையை விட்டு விலகினர். பம்பாய் சட்டமன்ற உறுப்பினரான கே. எம். முன்ஷி நேரில் வந்து நிலைமையைப் பார்த்து ஆளுநருக்கு எழுதினார். பிறகு தம் பதவியைத் துறந்தார். மத்திய சட்டமன்றத் தலைவராக இருந்த வித்தல்பாய் படேல் போராட்ட நிதிக்கு மாதம் 1,000 ரூபாய் அளித்தார். 1928 ஜூன் 12 'பர்தோலி நாள்' எனக் கடைப்பிடிக்கப்பட்டது.

அவதூறுகளை எதிர்கொண்ட முறை

போராட்டம் வலுப்பெற்றதும் அதன் தலைவர்கள் மீது வசைகள் தொடங்கின. அரசு தரப்பின் கடிதம், படேலையும் தோழர்களையும் பர்தோலிக்குத் தொடர்பில்லாத 'வெளியார்' என்றது. ஒரு மண்டல ஆணையரின் கடிதம், இவர்கள் உழவர்களைத் தவறான வழியில் செலுத்தி அவர்களை ஒட்டிப் பிழைக்கும் கிளர்ச்சிக்காரர் கூட்டம் என்ற பொருள்பட எழுதப்பட்டிருந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'டைம்ஸ் ஆப் இந்தியா' நாளிதழ், பர்தோலியில் போல்ஷ்விக் ஆட்சி நடக்கிறது என்றும், படேல் அங்கே லெனின் வேடம் போடுகிறார் என்றும் எழுதியது.

இவற்றுக்குப் போராட்டக் குழு மூன்று வழிகளில் பதில் அளித்தது. முதலாவது, வசைக்கு வசை திரும்பவில்லை. குற்றச்சாட்டில் உண்மைச் செய்தி எதுவோ அதற்கு மட்டும் விளக்கம் தரப்பட்டது. வெளியார் என்ற பழிக்கு, இம்மக்கள் அழைத்ததால்தான் வந்தேன் என்பது படேலின் பதில். இரண்டாவது, அரசுடன் நடந்த கடிதப் போக்குவரத்து பத்திரிகைகளில் வெளியிடப்பட்டது. இரு தரப்பும் எழுதியதை மக்கள் படித்து முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டனர். மூன்றாவது, ஊருக்குள் பரவும் வதந்திகளுக்கு மறுநாளே சத்தியாகிரகப் பத்திரிகை பதில் சொன்னது. இன்ன ஊரார் வரி கட்டிவிட்டார்கள் என்ற பொய்ச் செய்தி ஒரு வாரம் நிலைத்திருந்தால் அடுத்த ஊரின் உறுதி குலைந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நாளிதழின் போல்ஷ்விக் குற்றச்சாட்டு எதிர்பாராத பலன் தந்தது. அரசு எந்திரம் செயலிழந்து நிற்பதையும் மக்களின் கட்டுப்பாட்டையும் அக்கட்டுரைகளே விரிவாக எழுதியிருந்தன. அதுவரை பர்தோலியைக் கவனிக்காதவர்களும் அவற்றைப் படித்துத் திரும்பிப் பார்த்தனர். இங்கிலாந்து நாடாளுமன்றத்திலும் பர்தோலி பேசப்பட்டது.

தம் பக்கத்தில் இருந்து விலகியவர்களை நடத்துவது இதைவிடக் கடினமான சோதனை. வாலோட் என்ற ஊரில் வணிகர் இருவர், அதிகாரியுடன் பேசி வைத்துக்கொண்டு, பணம் ஜப்தியாவதுபோல் காட்டி வரியைச் செலுத்திவிட்டனர். ஊரார் கொதித்தெழுந்தனர். படேல் அவர்களை அமைதிப்படுத்தினார். இருவரும் தவற்றை ஒப்புக்கொண்டு போராட்ட நிதிக்குத் தொகை அளித்த பின் பிரச்சினை தீர்ந்தது. வரி கட்டியவர்களையும் ஏலம் எடுத்தவர்களையும் சமூக விலக்கம் செய்யும் முறை பர்தோலியில் கையாளப்பட்டது உண்மை. ஆனால் அவர்களுக்கு உணவு, தண்ணீர், மருத்துவம் போன்ற இன்றியமையாத் தேவைகளை மறுக்கக் கூடாது என்று காந்தியடிகள் எச்சரித்தார். எல்லா இடத்திலும் அந்த எல்லை காக்கப்பட்டதா என்பது ஆராய்வதற்கு உரியது. கட்டுப்பாட்டுக்கும் கட்டாயத்துக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது.

உடன்பாடு

1928 ஜூலை 23-ஆம் நாள் சட்டமன்றத்தில் பேசிய ஆளுநர் 14 நாள் கெடு விதித்தார். முதலில் உயர்த்திய வரியைக் கட்ட வேண்டும். பிறகுதான் விசாரணை என்றார். படேல் கைது செய்யப்படலாம் என்ற நிலையில் ஆகஸ்ட் 2-ஆம் நாள் காந்தியடிகள் பர்தோலி வந்து சேர்ந்தார்.

இறுதியில் இரு தரப்புக்கும் கௌரவம் குலையாத ஒரு வழி காணப்பட்டது. ஆளுநரின் நிபந்தனைகள் நிறைவேற்றப்படும் என்று சூரத் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு கடிதம் கொடுத்தனர். யார், எப்படி நிறைவேற்றுவார்கள் என்று அதில் சொல்லப்படவில்லை. அரசு விசாரணைக் குழுவை அறிவித்தது. சிறையில் இருந்தவர்கள் விடுவிக்கப்பட்டனர். விலகிய தலாட்டிகள் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டனர். பறிமுதலான நிலங்கள் திரும்பி வர வழி செய்யப்பட்டது. உழவர்கள் பழைய விகிதப்படி வரியைச் செலுத்தினர்.

விசாரணைக் குழுவின் முடிவு

குழுவில் இருந்தவர்கள் நீதித் துறையைச் சேர்ந்த புரூம்பீல்டு, வருவாய்த் துறையைச் சேர்ந்த மாக்ஸ்வெல் ஆகிய இருவர். 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்த நீதிபதி இந்தப் புரூம்பீல்டுதான். உழவர்கள் சார்பில் புலாபாய் தேசாய் வாதாடினார். மகாதேவ் தேசாயும் நரஹரி பாரிக்கும் சான்றுகளைத் திரட்டித் தந்தனர்.

குழு ஊர் ஊராகச் சென்று குத்தகைப் பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. பழைய மதிப்பீட்டின் குத்தகைக் கணக்குகள் நம்பத்தக்கவையல்ல என்று கண்டது. 1929-இல் வந்த அறிக்கை, நியாயமான உயர்வு 6.03 விழுக்காடு மட்டுமே என்று முடிவு கூறியது. அரசு விதித்தது 22 விழுக்காடு. ஆங்கிலேய அதிகாரிகள் இருவரே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டது, உழவர்களின் கோரிக்கை அடிப்படையற்றது என்ற வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே ஆண்டில் மகாதேவ் தேசாய் பர்தோலிப் போராட்ட வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

வெற்றியின் எல்லைகள்

நிலவரி உயர்வால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். பர்தோலியில் பட்டிதார்கள், அனாவில் பிராமணர்கள் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். அவர்களுடைய வயல்களில் உழைத்த துப்ளா மக்கள் பலர் 'ஹாலி' எனப்படும் பண்ணையாள் முறையில் கடனுக்காகக் கட்டுண்டு கிடந்தனர். வரி குறைந்ததால் அவர்களுடைய கடன் குறையவில்லை. காந்தியத் தொண்டர்கள் பழங்குடியினரிடையே பணியாற்றினர். 'காளிபரஜ்' (கருப்பு மக்கள்) என்ற இழிபெயரை 'ராணிபரஜ்' (காட்டு மக்கள்) என மாற்றினர். ஆயினும் பண்ணையாள் முறையை ஒழிப்பது இப்போராட்டத்தின் கோரிக்கையாக இருக்கவில்லை. பர்தோலியைப் படிக்கும் மாணவர்கள் இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1930-இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியபோது பர்தோலி மீண்டும் வரி மறுத்தது. அடக்குமுறை இம்முறை கடுமையாக இருந்ததால், உழவர்கள் ஊரைக் காலி செய்து அண்டையிலிருந்த பரோடா சமஸ்தானத்துக்குள் குடிபெயர்ந்தனர். அப்போது இழந்து பிறருக்கு விற்கப்பட்ட நிலங்கள், 1937-க்குப் பின் பம்பாயில் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவைக் காலத்தில்தான் சட்டத்தின் வழியே மீட்கப்பட்டன.

வரி குறித்த பார்வை

பர்தோலியை வரி ஏய்ப்புக்குச் சான்றாகக் காட்ட முடியாது. வரி ஏய்ப்பவர் வருமானத்தை மறைக்கிறார். அகப்பட்டால் தண்டனையிலிருந்து தப்பப் பார்க்கிறார். பர்தோலி உழவர்கள் தாம் கட்டவில்லை என்பதை ஊரறியச் சொன்னார்கள். அதற்கான இழப்பையும் ஏற்றார்கள். நியாயமான தொகை எது என்று தெரிந்தால் கட்டத் தயார் என்றும் முதல் நாளே அறிவித்தார்கள். குழு 6.03 விழுக்காடு உயர்வு நியாயம் என்றபோது அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1928-இல் வரி விதித்த அரசை அம்மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவ்வரியை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் அவர்களுக்கு வழியில்லை. சட்டத்தின் அதிகாரம் இன்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு இன்று கூறுகிறது. பர்தோலி மக்களுக்கு இல்லாதிருந்த சட்டமன்ற ஒப்புதலும் நீதிமன்ற வழியும் இன்றைய குடிமக்களுக்கு உண்டு. ஆகவே வரி செலுத்தும் கடமை இன்று கூடியிருக்கிறது. விதித்த வரிக்கும் செலவுக்கும் கணக்குக் கேட்கும் உரிமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.